மன்னிப்பு நூல்களும் தொல்குடி ஆய்வு நூல்களும்: செட்டிநாட்டை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஓர் அரசு அல்லது இயக்கம் தான் இழைத்த பழைய அநீதிக்காகப் பொதுவில் மன்னிப்புக் கேட்பது அரசியல் மன்னிப்பு எனப்படுகிறது. அதை ஆராயும் நூல்கள் ஒரு வரிசை. காலனிய ஆட்சியில் நிலத்தையும் வாழ்முறையையும் இழந்த மக்களின் பக்கத்திலிருந்து எழுதப்படும் தொல்குடிப் பின்காலனிய ஆய்வுகள் இன்னொரு வரிசை. வரலாறு, சமூகவியல், அரசியல் அறிவியல் படிக்கும் மாணவர்கள் ஆய்வுத் தலைப்பு தேடும்போது இவ்விரண்டில் எதை அடிப்படையாகக் கொள்வது என்ற கேள்வி எழுகிறது. இரண்டு வரிசைகளின் முக்கிய நூல்களும் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சிவகங்கை, காரைக்குடிப் பகுதியின் வரலாற்றுக்கு அவை எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை 1801ஆம் ஆண்டுப் போர், நகரத்தாரின் பர்மா வணிகம் ஆகிய இரண்டைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம்.

மன்னிப்பு பற்றிய நூல்கள்

இத்துறையின் தொடக்க நூல்களில் முக்கியமானது கனடாவின் சமூகவியலாளர் நிக்கலஸ் டவுச்சிஸ் எழுதிய 'மியா கல்பா' (1991). தனி மனிதர் தனி மனிதரிடம் கேட்கும் மன்னிப்பும் ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்திடம் கேட்கும் மன்னிப்பும் ஒன்றல்ல என்பது இந்நூலின் மையக் கருத்து. முதலாவதில் உயிராக இருப்பது வருத்தம். இரண்டாவதில் முக்கியமாவது பதிவு. நடந்தது நடந்தது என்று எழுத்தில் ஏறுகிறது. இனி அதை மறுக்க முடியாது. இந்த வேறுபாடு எளிமையானது, பயன் மிகுந்தது. ஒரு தலைவர் கண்கலங்கினாரா இல்லையா என்ற விவாதத்திலிருந்து மாணவரை விடுவித்து, எது பதிவானது என்று பார்க்கச் சொல்கிறது.

மெலிசா நோபிள்ஸ் எழுதிய 'தி பாலிடிக்ஸ் ஆஃப் அஃபீஷியல் அப்பாலஜிஸ்' (2008) அடுத்த படி. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் அரசுகள் எப்போது மன்னிப்புக் கேட்கின்றன, எப்போது மறுக்கின்றன என்று அவர் ஆராய்கிறார். நாட்டின் உறுப்பினர் யார், அவருக்கு என்ன உரிமை என்ற வரையறையை மாற்ற விரும்பும்போதே மன்னிப்பு அரசியல் ஆயுதமாகிறது என்பது அவருடைய விளக்கம். இந்நூலின் உதாரணங்களில் பெரும்பகுதி தொல்குடி மக்களைப் பற்றியது. இரு வரிசைகளும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல என்பதற்கு இதுவே சான்று.

இவ்வரிசையின் குறை வேறிடத்தில் உள்ளது. இந்த நூல்களில் பேசுபவர் எப்போதும் அரசு. பிரதமரின் உரை, நாடாளுமன்றத் தீர்மானம், அதில் இருந்த சொல், விடுபட்ட சொல் ஆகியவை நுணுக்கமாக அலசப்படுகின்றன. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வீடு திரும்பிய பிறகு என்ன நடந்தது என்பது பெரும்பாலும் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளப்படுகிறது.

தொல்குடி ஆய்வு நூல்கள்

மாவோரி அறிஞர் லிண்டா டுஹிவாய் ஸ்மித் எழுதிய 'டீகாலனைசிங் மெத்தடாலஜீஸ்' (1999) இவ்வரிசையில் அதிகம் படிக்கப்படும் நூல். யார் ஆராய்கிறார், யாருக்காக ஆராய்கிறார், கிடைத்த அறிவு யாரிடம் திரும்பிப் போகிறது என்ற கேள்விகளை அது முன்வைத்தது. களப்பணிக்குப் போகும் எந்த மாணவரும் முதலில் படிக்க வேண்டிய நூல் இது.

டெனே இனத்தைச் சேர்ந்த கிளென் கூல்ட்ஹார்டின் 'ரெட் ஸ்கின், வைட் மாஸ்க்ஸ்' (2014) நேரடியாக மன்னிப்பு அரசியலுடன் மோதுகிறது. கனடாவில் தொல்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் வைத்ததற்காகப் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் 2008 ஜூன் 11 அன்று நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டு செப்டம்பரில், கனடாவுக்குக் காலனிய வரலாறே இல்லை என்று அதே பிரதமர் செய்தியாளர்களிடம் பேசினார். பள்ளிகள் தவறு, ஆனால் அந்தப் பள்ளிகளைத் தேவையாக்கிய நிலப்பறிப்பு தவறல்ல என்ற நிலைப்பாடு இது. தீராத கோபத்தை நோய் என்று பார்க்கக் கூடாது, அநீதி தொடர்கிறது என்ற அறிவே அது என்கிறார் கூல்ட்ஹார்ட்.

இதற்கு முன்பே ஈவ் டக், கே. வேன் யாங் இருவரும் 2012இல் வெளியிட்ட கட்டுரை, காலனிய நீக்கம் என்ற சொல்லை உருவகமாக்கி எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவதைக் கண்டித்தது. நிலம் திரும்பாத இடத்தில் காலனிய நீக்கம் இல்லை என்பது அவர்கள் வாதம். குடியேறியவர்கள் நிலத்தைக் கைவிடாமலேயே குற்ற உணர்விலிருந்து விடுபடக் கையாளும் வழிகளையும் அவர்கள் வரிசைப்படுத்துகிறார்கள்.

இந்த வாதத்தின் வலிமையைக் காட்ட இரண்டு நிகழ்வுகள் போதும். 2007 செப்டம்பர் 13 அன்று தொல்குடிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்தை எதிர்த்து வாக்களித்த நாடுகள் நான்கு: அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவும் கனடாவும் மன்னிப்புக் கேட்டன. உரிமைக்கு மறுப்பு, துயரத்துக்கு மன்னிப்பு என்ற இந்த வரிசை கவனிக்கத் தக்கது. மறுபக்கம், நியூசிலாந்தில் வைகாட்டோ மாவோரிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் அரசின் மன்னிப்பும் நிலத் திருப்பமும் 17 கோடி நியூசிலாந்து டாலர் ஈடும் ஒன்றாகவே இடம்பெற்றன. எலிசபெத் ராணி நேரில் அதில் கையெழுத்திட்டார். சொல்லும் நிலமும் சேர்ந்து வர முடியும் என்பதற்கு இது உதாரணம்.

முதல் சோதனை: சிவகங்கை, 1801

1801 ஜூனில் சின்ன மருது திருச்சிராப்பள்ளியில் ஒட்டிய ஜம்புத்தீவு அறிக்கை, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக எல்லாச் சாதியினரையும் அழைத்தது. சிறுவயலிலிருந்து காளையார்கோயில் நோக்கிக் காட்டை வெட்டி வழியமைக்கக் கம்பெனிப் படை வாரக்கணக்கில் முயன்று தோற்றுப் பின்வாங்கியது. பிறகு வேறு வழியாகக் காளையார்கோயில் வீழ்ந்தது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802இல் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். கே. ராஜய்யன் எழுதிய 'சவுத் இந்தியன் ரெபெலியன்' (1971) இப்போர் பற்றிய முதன்மையான ஆய்வு நூல்.

இந்நிகழ்வுக்காக யாரும் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. ஆனால் வருத்தம் தெரிவித்த ஒருவர் உண்டு. போரில் கம்பெனிப் பக்கம் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருது என்று எழுதினார். அவர் தூக்கிலிடப்பட்டதையும், பல ஆண்டுகள் கழித்துப் பினாங்கில் துரைச்சாமியைத் தளர்ந்த நிலையில் சந்தித்ததையும் வேதனையுடன் பதிவு செய்தார். டவுச்சிஸ் வகுத்த வேறுபாடு இங்கே அப்படியே பொருந்துகிறது. தனி மனிதரின் வருத்தம் இருக்கிறது. அவர் பணியாற்றிய நிறுவனத்தின் ஒப்புதல் இல்லை. வெல்ஷின் பக்கங்களை உருக்கத்துடன் மேற்கோள் காட்டும் தமிழ் நூல்கள் பல. அந்த உருக்கத்தை ஒரு ஒப்புதலாக எடுத்துக்கொள்வது பிழை என்பதை மன்னிப்பு நூல்கள் கற்றுத் தருகின்றன.

தொல்குடி ஆய்வு வேறு இரண்டைக் கேட்கச் சொல்கிறது. முதலாவது, வளரியைப் பற்றியும் சின்ன மருதுவின் தோற்றம், பழக்கம் பற்றியும் பரவலாகச் சொல்லப்படுபவற்றில் கணிசமான பகுதி எதிர்த்துப் போரிட்ட அதிகாரியின் எழுத்திலிருந்து வருகிறது. கும்மிப் பாடல்கள், அம்மானைகள், கோயில் மரபுகள் ஆகியவற்றை அதே எடையுடன் வைத்துப் படிக்கும் பொறுப்பு ஆய்வாளருக்கு உண்டு. இரண்டாவது, நிலம். போருக்குப் பின் கம்பெனி தனக்கு உகந்த ஒருவரை ஜமீன்தாராக்கியது. 1803இல் நிலையான வரித்திட்டம் வந்தது. பாளையமாக இருந்தது ஜமீனாகி, வரி கட்டும் சொத்தாகியது. சிவகங்கை ஜமீன் வாரிசுரிமை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1863இல் தீர்ப்பானது. தூக்குமேடையை மட்டும் பார்க்கும் வாசிப்பில் இந்த மாற்றம் கண்ணில் படாது.

எனினும் கனடாவின் சட்டகத்தை அப்படியே சிவகங்கை மேல் வைக்க முடியாது. பிரிட்டிஷார் இங்கே குடியேறவில்லை. நிலம் உள்ளூர்க்காரர் கையிலேயே இருந்தது. அதன் சட்டப் பொருள்தான் மாறியது. டக், யாங் சொல்லும் பொருளில் இங்கே யார் யாருக்கு நிலத்தைத் திருப்பித் தருவது என்று கேட்டால் விடை கிடைக்காது.

இரண்டாம் சோதனை: பர்மா

பர்மாவில் இரு வரிசைகளும் கடினமான சோதனைக்கு உள்ளாகின்றன. 1852இல் கீழ் பர்மா பிரிட்டிஷார் வசமான பிறகு ஐராவதி கழிமுகத்தில் நெல் வேளாண்மை பெருகியது. காடு திருத்தி வயலாக்கிய பர்மிய விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தவர்களில் நாட்டுக்கோட்டை நகரத்தார் முதன்மையானவர்கள். பொதுவாக மூன்றாண்டுத் தவணையில் ஊரிலிருந்து போன முகவர்கள் கடையை நடத்தித் திரும்பினர். டேவிட் ரட்னர் எழுதிய 'காஸ்ட் அண்ட் கேப்பிடலிசம் இன் கலோனியல் இந்தியா' (1994) இந்த அமைப்பை விரிவாக விளக்குகிறது. மைக்கேல் அடாஸ் எழுதிய 'தி பர்மா டெல்டா' (1974) விவசாயியின் பக்கத்திலிருந்து அதைக் காட்டுகிறது.

1930இல் நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் அடமான நிலங்கள் வட்டிக்கடைகளுக்கு வந்தன. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த நிலம் 1930இல் ஏறத்தாழ 6 சதவீதம். 1937இல் அது 25 சதவீதம். பணம் திரும்ப வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம், நிலம் அல்ல என்பதை ஆய்வாளர்கள் பலரும் ஏற்கிறார்கள். ஆனால் வயலை இழந்த விவசாயிக்கு அந்த வேறுபாடு எந்த ஆறுதலும் தந்திருக்காது.

அதன் பின் 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு, மலைப்பாதை வழியாக நடந்தே வந்த அகதிகள், 1948இன் நிலத் தேசியமயச் சட்டம், 1960களில் நே வின் ஆட்சியின் தேசியமயம் என்று வரிசையாக இழப்புகள். கணக்குப் புத்தகங்களோடு ஊர் திரும்பியவர்களுக்கு எதிர்பார்த்த ஈடு கிடைக்கவில்லை. செட்டிநாட்டில் பர்மா பற்றிப் பேசும்போது இந்த இரண்டாம் பாதியே நினைவுகூரப்படுகிறது. வளவுகளைப் பார்க்க வரும் பயணிகளிடம் பர்மாத் தேக்குத் தூண்கள் செல்வத்தின் அடையாளமாகக் காட்டப்படுகின்றன. பிறகு பர்மா போன துயரம் சொல்லப்படுகிறது. இடையில் கழிமுகத்து விவசாயி வருவதில்லை.

தொல்குடி ஆய்வின் சட்டகம் இங்கே தடுமாறுகிறது. அதில் இரண்டு பாத்திரங்களே உள்ளனர்: குடியேறியவர், மண்ணுக்குரியவர். நகரத்தார் முகவர் குடியேறவில்லை, ஆளவில்லை, தானும் காலனிய ஆட்சியின் குடிமகன். ஆயினும் அந்த ஆட்சியின் சட்டமும் நீதிமன்றமும் இல்லாமல் அடமானம் நிலமாக மாறியிருக்காது. மன்னிப்பு நூல்களும் தடுமாறுகின்றன. அங்கே பேச வேண்டியது அரசு. இங்கே அரசு இல்லை, தனித்தனிக் கடைகள் உண்டு. ஆனால் மன்னிப்பு நூல்களின் கேள்வி ஒன்று உயிரோடு இருக்கிறது: நம் பக்கத்தில் பதிவாகாமல் இருப்பது எது? அந்தக் கேள்வியைத் தொல்குடி வரிசை மட்டும் படித்த மாணவர் கேட்க மாட்டார். அவர் எல்லா வரலாற்றிலும் தம்மைப் பாதிக்கப்பட்டவர் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

இலக்கியம் இந்த இடத்தை ஆய்வுக்கு முன்பே தொட்டிருக்கிறது. சிங்கம்புணரியில் பிறந்து மேடானில் வேலை பார்த்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி', கடல்கடந்த வட்டிக்கடை உலகத்தைப் பெருமையும் புலம்பலும் இல்லாமல் காட்டிய நாவல்.

தமிழில் மன்னிப்பு

'மன்னிப்பு' என்ற தமிழ்ச் சொல்லே இவ்விவாதத்தில் ஒரு தெளிவைத் தருகிறது. தவறு செய்தவர் மன்னிப்பைக் கேட்கிறார். அதைத் தருவதும் மறுப்பதும் பாதிக்கப்பட்டவர் கையில் இருக்கிறது. 'வருந்துகிறேன்' என்பதற்கு எதிரில் ஆள் தேவையில்லை. ஜாலியன்வாலா பாக் நூற்றாண்டின்போது, 2019 ஏப்ரலில், பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே வருத்தம் தெரிவித்தார், மன்னிப்புக் கேட்கவில்லை. தமிழில் இந்த வேறுபாட்டை விளக்கத் தனி அத்தியாயம் வேண்டியதில்லை.

ஈழத்தில் மூன்று மன்னிப்புகள் நினைவுக்கு வருகின்றன. 1983 ஜூலை வன்முறைக்காக ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 2004இல் மன்னிப்புக் கேட்டார். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதற்காகப் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க 2016இல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். மூன்றாவது திசை மாறியது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றியது தவறு என்று விடுதலைப் புலிகள் இயக்கம் 2002இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. முதல் இரண்டில் தமிழர் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். மூன்றாவதில் தமிழர் பெயரால் பேசிய ஓர் இயக்கம் கேட்க வேண்டிய இடத்தில் இருந்தது. இந்த மூன்றையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியுமா என்பது மாணவரின் நேர்மைக்கான சோதனை. சொல் வந்த பிறகும், வெளியேற்றப்பட்டவர்களில் பலர் புத்தளம் பகுதியிலேயே தங்கிவிட்டனர். பழைய வீடு, காணி பற்றிய சிக்கல்கள் தொடர்ந்தன. நிலத்தைப் பார் என்று தொல்குடி வரிசை சொல்வது இங்கே சரியாகப் பொருந்துகிறது.

'தொல்குடி' என்னும் சொல்

ஐ.நா. பிரகடனத்துக்கு ஆதரவாக இந்தியா வாக்களித்தது. ஆனால் இந்திய மக்கள் அனைவரும் தொல்குடிகளே என்பது அரசின் நிலைப்பாடு. ஒருவரையும் விலக்காத இந்த வரையறையால் ஒருவருக்கும் தனி உரிமை கிடைப்பதில்லை. சமூகவியலாளர் வர்ஜீனியஸ் சாசா 1999இல் எழுதிய கட்டுரை இச்சிக்கலைப் பழங்குடியினர் பக்கத்திலிருந்து விளக்குகிறது. தமிழிலும் இதே நழுவல் உண்டு. தமிழர் அனைவரும் பூர்வகுடி என்று சொல்லும் கட்டுரைகளில் இருளர், காட்டுநாயக்கர், மலையாளிப் பழங்குடியினர் ஆகியோரின் தனித்த குறைகள் கரைந்துவிடுகின்றன.

தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி இதற்கு நல்ல எச்சரிக்கை. 1992 ஜூனில் சந்தனமரத் தேடுதல் என்ற பெயரில் அம்மலைவாழ் மக்கள் மீது நடந்த வன்கொடுமைக்காக, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்த 269 பேர் மீது வழக்கு நடந்தது. இறந்தவர்கள் போக மீதமிருந்த 215 பேரும் 2011இல் தண்டிக்கப்பட்டனர். 2023இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஈட்டுத்தொகையும் வேலையும் வழங்க உத்தரவிட்டது. அந்த அதிகாரிகள் காலனிய ஆட்சியின் அதிகாரிகள் அல்லர். தீர்வு வந்த வழியும் மன்னிப்பு உரையல்ல. பத்தொன்பது ஆண்டுகள் சாட்சி சொன்ன பெண்களின் உறுதி.

மதிப்பீடு

மன்னிப்பு நூல்கள் சொல்லை அளக்கின்றன. தொல்குடி நூல்கள் நிலத்தை அளக்கின்றன. ஒன்றை மட்டும் எடுக்க வேண்டுமானால், தொடக்கநிலை மாணவர் தொல்குடி வரிசையிலிருந்து தொடங்குவதே நல்லது. ஆவணத்தை யார் எழுதினார், நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற இரண்டு கேள்விகளும் எந்த ஊருக்கும் பொருந்தும். அங்கே கற்ற கண்ணுடன் மன்னிப்பு உரைகளைப் படித்தால் அவற்றில் விடுபட்டவை தெரியும். மாறாக, மன்னிப்பு நூல்களிலிருந்து தொடங்குபவர் அரசு பேசிய நாளோடு வரலாறு முடிந்துவிட்டதாக எண்ணிவிடக்கூடும்.

ஆனால் தொல்குடி வரிசையோடு நின்றுவிடுவதும் ஆபத்து. சிவகங்கைப் போர் ஆய்வுக்கு அது போதலாம். பர்மா ஆய்வுக்குப் போதாது. ஒரே ஊரின் வரலாற்றில் பாதிக்கப்பட்டவரும் பாதித்தவரும் இருக்கலாம், சில சமயம் ஒரே குடும்பத்திலும் இருக்கலாம். அதைப் பார்க்கக் கற்றுத் தருவது மன்னிப்பு நூல்களின் கேள்விதான்.

வாசிப்பு வரிசையாகச் சொன்னால், டக், யாங் கட்டுரை முதலில் வரலாம். அது சுருக்கமானது, இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது. அடுத்து லிண்டா ஸ்மித், அதன்பின் டவுச்சிஸின் முதல் அத்தியாயங்கள். அதற்குப் பிறகு மேலைநாட்டு நூல்களை மூடிவிட்டு, ரட்னரையும் அடாஸையும் அருகருகே வைத்துப் படிப்பது நன்று. ஒரே கடன் பத்திரம் காரைக்குடியிலிருந்து ஒரு மாதிரியும் ஐராவதிக் கரையிலிருந்து வேறு மாதிரியும் தெரிவதை உணர்ந்த மாணவருக்கு, எந்த நூலை எப்போது நம்புவது என்பதைப் பிறர் சொல்ல வேண்டியிருக்காது.